'அவர் கேங்' மௌனப் படம் பள்ளியில போடறதுக்கு: எந்தப் பிரதி, என்ன வேகம், தமிழ்ல எப்படிச் சொல்றது?

நொய்யல்வாசி:

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில 3-ம் வகுப்புல இருந்து 7-ம் வகுப்பு வரைக்கும் 60 பிள்ளைகளுக்கு ஒரு மௌனப் படம் போட்டுக் காட்டற ஏற்பாடு நடக்குது. படம், அமெரிக்காவுல ஹால் ரோச் தயாரிச்ச 'அவர் கேங்'ங்கற பிள்ளைக நகைச்சுவைப் பட வரிசையில 1923-ல வந்த 'டாக்ஸ் ஆஃப் வார்'. பொடிசுக காய்கறியை ஆயுதமா வெச்சுப் போர் விளையாடறது, அப்புறம் சினிமா ஸ்டுடியோவுக்குள்ள பூந்து எல்லாத்தையும் கவுத்துப் போடறதுன்னு கதை. விலை விழுந்த தக்காளியை ரோட்டோரம் கொட்டறதப் பாத்து வளர்ற பிள்ளைகளுக்கு முதல் பாதியை விளக்கவே வேண்டியதில்லை.

தெரிஞ்சுக்க வேண்டியது இத்தனை இருக்குது. இணையத்துல இதே வரிசைப் படங்க 12 நிமிசத்துலயும் கிடைக்குது, 22 நிமிசத்துலயும் கிடைக்குது, 27-லயும் கிடைக்குது. எது முழுசு? சிலதுல எல்லாரும் எறும்பு மாதிரி விறுவிறுன்னு ஓடறாங்க, அது அப்படித்தானா? நடுவுல வர்ற இங்கிலீஷ் எழுத்து அட்டையை என்ன பண்றது? கூட வர்ற இசையை அப்படியே வெச்சுக்கலாமா? அறை 40 அடி நீளம், 20 அடி அகலம், ஓட்டுக் கட்டடம். புரொஜெக்டர் 16:9, வெளிச்சம் 3000 லூமென், த்ரோ 1.5 (அடிக்கற படத்தோட அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துல வைக்கணும்). திரை இல்லை, துணி வாங்கணும். ஸ்டோர் ரூம்ல ஒரு பழைய 16 எம்எம் புரொஜெக்டரும் தூங்குது, அதுக்கு ஏதாச்சும் வேலை இருக்குதா?

படப்பெட்டி_ஈரோடு:

மொதல்ல பிரதி. அந்த 12 நிமிசத்தைத் தொடவே வேண்டாமுங்க. 1960 வாக்குல இந்த மௌனப் படங்களை டிவிக்காக வெட்டி, 'மிஸ்சிஃப் மேக்கர்ஸ்'னு வேற பேர் வெச்சு, எழுத்து அட்டையை உருவிட்டு, சத்தமும் பேச்சும் ஒட்டி விட்டாங்க. பாதிப் படம் அதுல இல்லை. 'லிட்டில் ராஸ்கல்ஸ்'ங்கற பேரும் டிவிக்கு வந்தப்ப ஒட்டினதுதான், அதுவும் பேசும் படங்களுக்கு. அல்ஃபால்ஃபான்னு நடு உச்சியில முடி நட்டுக்கிட்டு ஒரு பையன் வந்தான்னா அது 1935-லயோ அதுக்கு அப்புறமோ வந்த பேசும் படம், மூடி வெச்சுருங்க. மௌனக் காலம் 1922-ல ஆரம்பிச்சு 1929-ல முடியுது. உங்க படத்துல இருக்க வேண்டிய முகங்க மிக்கி டேனியல்ஸ், மேரி கார்ன்மன், ஜாக்கி காண்டன், குண்டுப் பையன் ஜோ காப், 'சன்ஷைன் சாமி' எர்னி மாரிசன், 'ஃபரீனா' ஆலன் ஹாஸ்கின்ஸ்.

22-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம் அனேகமா வெட்டு இல்லை, வேகம். கணக்கு எளிசு. 35 எம்எம் ஃபிலிம்ல ஒரு அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம். ரெண்டு ரீல் படம்னா 2000 அடிக்குள்ள, அதாவது உச்சமா 32,000 பிரேம். நொடிக்கு 24-ல ஓட்டினா 22 நிமிசம் 13 நொடி. 20-ல ஓட்டினா 26 நிமிசம் 40 நொடி. 16-ல 33 நிமிசம் 20 நொடி. அதே ஃபிலிம்தான், போடற வேகம் மட்டும் வேற. அதனால ரெண்டு பிரதியைப் பக்கத்துல வெச்சு நேரத்தை ஒப்பிடாதீங்க. எழுத்து அட்டைகளை எண்ணுங்க. ரெண்டுலயும் ஒரே எண்ணிக்கை வந்தா ரெண்டும் அனேகமா ஒரே நீளம்.

எறும்பு ஓட்டத்துக்கும் இதான் காரணம். அன்னைக்குக் கேமரா கைப்பிடியைச் சுத்தி எடுக்கறது. ஒரு சுத்துக்கு 8 பிரேம், நொடிக்கு ரெண்டு சுத்து, மொத்தம் 16. தியேட்டர்ல அதைவிட வேகமாத்தான் ஓட்டுவாங்க, நகைச்சுவைன்னா இன்னும் கொஞ்சம் கூட. பேசும் படம் வந்த பிறகு ஒலிக்காக 24-ன்னு நிலைச்சுது. பழசை அப்படியே 24-ல வீடியோ ஆக்கினவங்க பண்ணுன வேலைதான் நீங்க பாக்கறது. ஆனா அதுக்காக 16-க்கு இறக்கினாலும் படம் செத்துப் போயிரும். துரத்தற காட்சியைக் கேமராமேன் வேணும்னே மெதுவாச் சுத்தி எடுத்திருப்பார், திரையில வேகமாத் தெரியணும்னு. அதைப் பிள்ளைக நடந்து போற வேகத்துக்குக் கொண்டு வந்தா சிரிப்பு வராது.

சோதிக்கறதுக்கு ஒரு வழி: பெரியவங்க யாராச்சும் அவசரம் இல்லாம நடக்கற இடமாப் பாத்து, 10 நொடிக்கு எத்தனை எட்டு வைக்கறாங்கன்னு எண்ணுங்க. நெசத்துல 18–20 எட்டு வரும். படத்துல 22–23 வந்தா நகைச்சுவைக்குச் சரியான வேகம். 27, 28 வந்தா குறைக்கணும். பிள்ளைகளோட எட்டை எண்ணாதீங்க, அவங்க எப்பவுமே ஓட்டந்தான்.

24-ல இருக்கற பிரதியை 20-க்குக் கொண்டு வர வேகம் 0.83. விஎல்சி பிளேயர்ல மெனுவுல பிளேபேக், அதுல ஸ்பீடுன்னு போய் மாத்தலாம், ஆனா ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் மறுபடி வைக்கணும். ஷாட்கட் மாதிரி எடிட்டிங் மென்பொருள்ல கிளிப்போட ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்பீடு 0.83-னு போட்டு நிரந்தரமா எழுதிக்கறதுதான் நல்லது.

உரிமை பத்தி ஒரு வரி. இந்திய சட்டப்படி திரைப்படத்துக்கு 60 வருசம், அமெரிக்காவுல 95. 1923 படம் ரெண்டு கணக்குலயும் தாண்டியாச்சு. ஆனா டிவிடி-க்காக இப்ப சேத்த இசை புது உருப்படி, அதுக்குத் தனி உரிமை உண்டு. படத்தை எடுத்துக்கங்க, ஒலியை மூடிருங்க.

உப்பிலிபாளையம்_ரீல்:

எழுத்து அட்டைக்குத் தமிழ்ல சப்டைட்டில் போடாதீங்க. ஏற்கெனவே ஒரு எழுத்து இருக்கற அட்டைக்குக் கீழ இன்னொரு எழுத்துன்னா 3-ம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணு எங்க போறதுன்னே தெரியாது. ஆள் வெச்சுச் சொல்றதுதான் இந்த ஊர் வழக்கமே. தென்னிந்தியாவுல மௌனப் படக் கொட்டகையில திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு அட்டையைப் படிச்சுக் கதை சொல்றது சாதாரணம். நம்ம கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல திருச்சியில ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராக் கூடாரம் அடிச்சு ஓட்டுனவர். 1914-ல கோவையில வெரைட்டி ஹால்னு தியேட்டர் கட்டினார், இன்னைக்கும் அந்த ரோட்டுக்கு அதே பேர். எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அன்னைக்குச் செஞ்சதைத்தான் நீங்க இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகளுக்குச் செய்யப் போறீங்க.

சொல்றவர் செய்ய வேண்டிய வேலை: வேகம் சரி பண்ணுன பிரதியை வெச்சுக்கிட்டு ஒரு நோட்டுல மூணு பத்தி போடுங்க. அட்டை வர்ற நிமிசம்-நொடி, தமிழ்ல சொல்ல வேண்டிய வரி, அடுத்த அட்டை வரைக்கும் என்ன நடக்குதுங்கறது. மூணாவது பத்தியில பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் இருக்கணும்: 'சும்மா'. அதாவது வாயைத் தொறக்கக் கூடாது. பிள்ளை வழுக்கி விழறதுக்கு முன்னாடி 'இப்ப விழப் போறான் பாருங்க'ன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. கிரிக்கெட் வர்ணனை பண்ற ஆளை இதுக்குக் கூப்பிடாதீங்க, கதை சொல்லத் தெரிஞ்ச டீச்சர் யாராச்சும் போதும்.

மொழி விசயம். இந்த அட்டையெல்லாம் ஹெச். எம். வாக்கர் எழுதுனது. பிள்ளைக பேச்சு வர்ற இடத்துல தெருப்பேச்சு மாதிரி, எழுத்துப் பிழையோட எழுதியிருக்கும். அதுதான் தமாசே. அதைப் பாடப்புத்தகத் தமிழ்ல சொன்னா உப்பில்லாத கூழு. காவல் நிக்கற பையன் 'நில்! யார் அங்கே?'ன்னு கேக்கற மாதிரி ஒரு வரி வந்தா, 'நில்றா அங்கயே! ஆருடா அது?'ன்னு சொல்லுங்க. பெரியவங்க பேசறப்ப மட்டும் கொஞ்சம் மெட்ராஸ் ஆபீசர் தமிழ். பிள்ளைகளுக்கு நம்ம பேச்சு, ஸ்டுடியோக்காரங்களுக்கு அவங்க பேச்சுன்னு பிரிச்சுட்டா, யார் பேசறாங்கன்னு தனியாச் சொல்லவே வேண்டாம்.

ரெண்டு இடத்துல மட்டும் முன்னாடியே தயார் பண்ணிக் கொடுக்கணும். ஒண்ணு, நடுவுல ஹெரால்ட் லாய்டு தலை காட்டுவார். அதே ரோச் ஸ்டுடியோவுல அப்ப 'ஒய் வொர்ரி?' எடுத்துக்கிட்டு இருந்த பெரிய நடிகர். 1923-ல படம் பாத்த கூட்டம் அவரைக் கண்டதும் விசில் அடிச்சிருக்கும், நம்ம பிள்ளைகளுக்கு அவர் யாரோ ஒரு ஆள். படத்துக்கு முன்னாடி அவர் போட்டோ ஒண்ணு காட்டி, 'இவரு நடுவுல வருவாரு, கண்டுபிடிங்க'ன்னு விட்டுருங்க.

இன்னொண்ணு, ஒரே ஃபிலிம் மேல ரெண்டு தடவை எடுக்கற சங்கதி. மேரிக்கு ஸ்டுடியோவுல 'ஷுட் ஹஸ்பண்ட்ஸ் ஒர்க்?'னு ஒரு படத்துல வேலை கிடைக்குது. மத்த பிள்ளைக உள்ள பூந்து தாங்களே படம் எடுக்கறேன்னு, ஏற்கெனவே எடுத்த ஃபிலிம் மேலயே எடுத்துத் தொலைக்கறாங்க. செல்போன் பிள்ளைகளுக்கு இது புரியாது. அவங்களுக்குப் பழசு மேல புதுசு வந்தா பழசு அழிஞ்சு போகும். ஃபிலிம்ல அப்படி இல்லை, ரெண்டு வெளிச்சமும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். ரெண்டு டார்ச் எடுத்து, ஒண்ணு முன்னாடி மாடு மாதிரி ஓட்டை வெட்டுன அட்டை, இன்னொண்ணு முன்னாடி மரம் மாதிரி வெட்டுன அட்டை புடிச்சு ஒரே சுவத்துல அடிங்க. மரத்துக்குள்ள மாடு தெரியும். ஒரு நிமிச வேலை.

சென்னிமலைத்தறி:

திரைக்குச் சொல்றேனுங்க. காடாத் துணி வாங்கிராதீங்க, வெளுக்காத காடா மஞ்சள் அடிக்கும், கறுப்பு-வெள்ளைப் படம் டீ கொட்டுன மாதிரி இருக்கும். வெளுத்த பருத்தி, நெருக்கமான நெசவு, 90 அங்குலப் பன்னா (துணியோட அகலம்) கேளுங்க. பெட்ஷீட்டுக்கு ஓடற பன்னாதான், சென்னிமலையிலயும் ஈரோட்டுலயும் கிடைக்கும். திரை 8 அடிக்கு 6 அடின்னா 6 அடி உயரம் அந்த 90-க்குள்ள அடங்கிரும், நீளத்துக்கு 3 மீட்டர் வாங்கினா மடிச்சுத் தைக்கவும் சேத்து வரும். ஒரு தையல் கூட நடுவுல வராது. 48 அங்குலத்துல ரெண்டு துண்டு சேத்தா தையல் நேரா நடிகர் மூக்கு மேல ஓடும்.

ஒத்தைத் துணி வெளிச்சத்தைப் பின்னாடி விட்டுரும். பின்னால கறுப்புத் துணியோ தார்ப்பாயோ ஒட்டாப்புல கட்டுங்க. மேலயும் கீழயும் ஒன்றரை அங்குலம் மடிப்புத் தைச்சு, உள்ள பிவிசி பைப் நுழைச்சா சுருக்கம் விழாது. நல்ல வெள்ளையடிச்ச சுவர் இருந்தா இது எதுவுமே வேண்டாம்.

புரொஜெக்டர் தூரத்துல எல்லாரும் ஏமாறுவாங்க. மௌனப் படம் 4:3. திரை அகலம் 8 அடி, த்ரோ 1.5, அதனால 12 அடின்னு கணக்குப் போடுவாங்க. தப்பு. உங்க மெசின் 16:9. 6 அடி உயரம் வேணும்னா அது அடிக்கற மொத்த அகலம் 10 அடி 8 அங்குலம், ரெண்டு பக்கமும் கறுப்பா விழறதும் அதுல சேத்தி. அதை 1.5-ஆல பெருக்கினா 16 அடி. 16 அடி தள்ளி வைங்க. அந்த 'கறுப்பு' ஓரமும் லேசாச் சாம்பலாத் தெரியும், அதுக்கு ரெண்டு பக்கமும் ஒன்றரை அடிக்குக் கறுப்புத் துணி தொங்க விட்டுருங்க. 'முழுத்திரை'ன்னு இழுத்து விட்டா ஜோ காப் இன்னும் குண்டாகிருவான். ஜூம் பண்ணி நிரப்புனா தலை போகும், எழுத்து அட்டையில மேல் வரி போகும்.

ஓட்டுச் சந்து வழியாப் பகல்ல வெளிச்சம் வரும், அடைக்க முடியாது. இருட்டுன பிறகு போடுங்க.

நொய்யல்வாசி:

நன்றிங்க எல்லாருக்கும். 0.83-ல எழுதிப் பாத்தாச்சு, நடை சரியாயிருச்சு. ஆனா கேமரா பக்கவாட்டுல நகர்ற இடத்துல படம் திக்கித் திக்கிப் போகுது. அப்புறம் ஒரு இடத்துல அட்டை கண்ணைச் சிமிட்டற நேரத்துல வந்துட்டுப் போயிருது. இன்னொரு சந்தேகம், ஃபரீனா வர்ற காட்சிகளை என்ன பண்றது? டீச்சர் ஒருத்தர் கேட்டாங்க.

படப்பெட்டி_ஈரோடு:

திக்கறதுக்குக் காரணம் நீங்க மறுபடி 24-லயோ 25-லயோ எழுதியிருப்பீங்க. 20 பிரேமை 24 இடத்துல வைக்கணும்னா அஞ்சுல ஒண்ணை ரெண்டு தடவை காட்டியாகணும், அதான் திக்கு. வெளியீட்டை நொடிக்கு 60 பிரேம்ல வைங்க. 20-ஐ மூணால பெருக்கினா 60, ஒவ்வொரு பிரேமும் சரியா மூணு தடவை. பக்கத்துப் பிரேம்களைக் கலக்கற பிரேம் பிளெண்டிங் மாதிரி எதையும் போடாதீங்க, கை ஆட்டறப்ப நாலு கை தெரியும்.

60-ல எழுதியும் திக்கினா மூலப் பிரதியே 30-ல இருக்கும். 24-ஐ 30 ஆக்கறதுக்கு நாலு பிரேமுக்கு ஒண்ணு வீதம் இரட்டிப்பாக்கி இருப்பாங்க. ஒவ்வொரு பிரேமா நகத்திப் பாத்தா நாலு அசையும், அஞ்சாவது அசையாம நிக்கும். முதல்ல அந்த இரட்டையை எடுத்துட்டுத்தான் வேகத்தைக் குறைக்கணும். அந்தத் தலைவலிக்கு வேற பிரதி தேடறது மேல்.

சிமிட்டற அட்டைக்குப் பேர் ஃப்ளாஷ் டைட்டில். ஃபிலிமை மிச்சம் பிடிக்க நாலஞ்சு பிரேம் மட்டும் வெச்சுட்டு, காட்சிப் பிரதி போடறப்ப நீட்டிக்கலாம்னு விட்டுருப்பாங்க. அது நீளாமயே வீடியோ ஆயிருச்சு. அந்த ஒரு பிரேமை நிறுத்தி ஸ்டில் ஆக்கி, வேண்டிய நேரத்துக்கு இழுத்துக்கங்க. மத்த அட்டைகளையும் அப்படி நீட்டலாம், அட்டையை நீட்டறது படத்தைக் கெடுக்காது. சொல்றவர் தமிழ் வரியை நிதானமாச் சொல்லி முடிக்க ஆகற நேரமும், அதுக்கு மேல ஒரு நொடியும் போதும். ரொம்ப நீட்டினா பிள்ளைக திரும்பிப் பேச ஆரம்பிச்சுரும்.

தாராபுரம்_தாத்தா:

ஃபரீனா பத்திக் கேட்டது நல்ல கேள்வி. ஆலன் ஹாஸ்கின்ஸ் பையன். ஆனா படத்துல ஆணா பொண்ணான்னு தெரியாத மாதிரி சடை போட்டுக் கிழிஞ்ச துணி மாட்டி விட்டாங்க. 1931 வரைக்கும் 105 படத்துல நடிச்சான், அந்த வரிசையில வேற யாரும் அத்தனை இல்லை. எர்னி மாரிசன் இந்த வரிசை தொடங்கறதுக்கு முன்னாடியே ரோச்கிட்ட ஒப்பந்தத்துல இருந்தவன். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே கூட்டமா, ஒரே சண்டையில, ஒரே அடி வாங்கறது அன்னைக்கு அமெரிக்காவுல சாதாரணம் இல்லை. அதே படத்துலயே நிறத்தை வெச்சும் பயந்தாங்கொள்ளித்தனத்தை வெச்சும் கேலியும் இருக்குது. ரெண்டும் உண்மை.

அதனால சொல்றவருக்கு ரெண்டே கட்டளை. ஃபரீனாவோட அட்டைகள்ல கறுப்பினத்தவர் பேச்சைக் கொச்சையா எழுதியிருப்பாங்க, அதைக் கோணல் தமிழ்ல நடிச்சுக் காட்டக் கூடாது. மத்த பிள்ளைகளுக்கு என்ன தமிழோ அதே தமிழ்தான் அவனுக்கும். ரெண்டாவது, 'கருவாயா' மாதிரி ஒரு சொல் தவறிக் கூட வாயில வரக் கூடாது. அந்த அறையில உக்காந்திருக்கற பிள்ளைகள்லயே யாராச்சும் ஒருத்தருக்கு அது அடுத்த நாள்ல இருந்து பட்டப்பேர் ஆயிரும். 6, 7-ம் வகுப்புக்குப் படம் முடிஞ்ச பிறகு இதைப் பத்தி அஞ்சு நிமிசம் பேசலாம். 3-ம் வகுப்புக்கு அவங்களா கேட்டா மட்டும்.

அப்படியே இன்னொண்ணும். இது நல்லாப் போச்சுன்னு அடுத்த படம் தேடுவீங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுக்காதீங்க. 1923-ல வந்த 'லாட்ஜ் நைட்' கு கிளக்ஸ் கிளானை (கறுப்பினத்தவரை மிரட்டித் தாக்குன அமெரிக்க வெள்ளையர் கும்பல்) கிண்டல் பண்றதா நெனச்சு எடுத்தது, பின்கதை தெரியாத பிள்ளைகளுக்கு அது வேற மாதிரிப் போய்ச் சேரும். 1927-ல வந்த 'டாக் ஹெவன்' நாய் தூக்குப் போட்டுக்கப் பாக்கறதுல ஆரம்பிக்குது. நல்லதா வேணும்னா 1924-ல வந்த 'தி சன் டவுன் லிமிடெட்', பிள்ளைக ஓட்டை உடைசலை வெச்சுத் தாங்களே ரயில் கட்டறது. இல்லைன்னா 1923-ல வந்த 'டெர்பி டே', குதிரைப் பந்தயத்தைப் பாத்துட்டுக் கையில கிடைச்ச பிராணிகளை வெச்சுத் தாங்களும் பந்தயம் விடறது. ரேக்ளா பாத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுல ஒரு அட்டை கூடச் சொல்லத் தேவைப்படாது.

உடுக்கைக்காரன்:

இசை பத்தி யாரும் சொல்லலையே. இந்தப் படத்துக்குன்னு ஒட்டிப் பிறந்த இசைன்னு நம்பி எதையும் தேட வேண்டாம். அந்தந்தத் தியேட்டர் பியானோக்காரர் வாசிச்சதுதான். 'லிட்டில் ராஸ்கல்ஸ் பாட்டு'ன்னு இணையத்துல கிடைக்கற துள்ளல் மெட்டு லீராய் ஷீல்டு போட்டது, பேசும் படக் காலத்தோடது, இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

நேர்ல வாசிங்க. ஜமாப் மேளம் வேண்டாம், அந்த அறைக்குள்ள ஓடே பறந்துரும். ஒரு ஆர்மோனியம், ஒரு கஞ்சிரா, ஒரு உடுக்கை போதும். ஒளிஞ்சு போற காட்சிக்கு உடுக்கையைக் கயிறு இறுக்கித் தளர்த்தி வாசிச்சா அந்த 'ஊம்…ஊம்' பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச சத்தம். அண்ணன்மார் கதையில ஏதோ நடக்கப் போறப்ப வர்றதுதான். போர்க் காட்சிக்கு ஆர்மோனியத்துல ஒரே அணிவகுப்பு மெட்டு, எட்டு அடியில திரும்பத் திரும்ப வர்ற மாதிரி. அது போதும்.

பெரிய தப்பு என்னன்னா ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு தட்டு. தக்காளி விழுந்தா 'டப்', ஆள் விழுந்தா 'டொம்'னு போனா நாலு நிமிசத்துல காது சலிச்சுரும். ஒரு காட்சிக்கு ஒரு அடி, அதுவும் பெரிய விழுகைக்கு மட்டும். அதுக்கு ஒரு நொடி முன்னாடி மொத்தமா நிறுத்திருங்க. தட்டோட சத்தத்தைவிட அந்த நிறுத்தத்துக்குத்தான் சிரிப்பு வரும். சிரிப்பு வந்தா அடங்கற வரைக்கும் ஆர்மோனியம் மட்டும் சன்னமா. சொல்றவர் வாயைத் தொறந்தா எல்லாரும் கையை எடுத்துரணும், இதை மட்டும் ஒத்திகையில கண்டிப்பாப் பாத்துக்கங்க. வாசிக்கறவங்க திரைக்குப் பக்கவாட்டுல, படம் தெரியற மாதிரி உக்காரணும். நோட்டு பாக்கற டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கங்க.

படப்பெட்டி_ஈரோடு:

அந்த 16 எம்எம் மெசினை இந்த நிகழ்ச்சிக்கு நம்பாதீங்க. பல பழைய மெசின்ல லேம்ப் 110 வோல்ட். ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம நேரா 230-ல சொருகினா லேம்ப் அப்பவே போயிரும், லேம்ப் கிடைக்கறது குதிரைக் கொம்பு. ரப்பர் பெல்ட் இத்தனை வருசத்துல தார் மாதிரி இளகியிருக்கும், இல்லைன்னா வெடிச்சிருக்கும்.

ஆனா பிள்ளைகளுக்குக் காட்டறதுக்கு மேசை மேல வைக்கலாம். கூட ஏதாச்சும் ஃபிலிம் சுருள் இருந்தா டப்பாவைத் தொறந்து மோந்து பாருங்க. காடி (வினிகர்) வாசம் அடிச்சா ஃபிலிமோட அசிடேட் அடித்தாள் சிதையுது, அதை மத்த சுருளோட வைக்காதீங்க. ஓரத்துல ஓட்டை எத்தனை பக்கம்னு பாருங்க. ரெண்டு பக்கமும் ஓட்டைன்னா மௌனப் பிரதி. ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் ஒலிக்கோடுன்னா பேசும் பிரதி. ரெண்டு பக்கமும் பல்லு இருக்கற மௌன மெசின்ல பேசும் பிரதியை மாட்டினா அந்தப் பல்லு ஒலிக்கோட்டைக் கடிச்சுக் குதறிரும். மௌனப் பிரதியைப் பேசும் மெசின்ல மாட்டினா ஒண்ணும் ஆகாது.

மெசின்ல 16, 24-ன்னு ஸ்விட்ச் இருந்தா ஷட்டரை (சுத்திச் சுத்தி வெளிச்சத்தை மறைக்கற இதழ்த் தகடு) காட்டி ஒரு கணக்குச் சொல்லலாம். மூணு இதழ் ஷட்டர், நொடிக்கு 16 பிரேம், 48 மினுக்கல். ரெண்டு இதழ், 24 பிரேம், அதே 48. அதுக்குக் கீழ போனா கண்ணுக்குப் படபடப்புத் தெரியும். 6, 7-ம் வகுப்புக்கு இது புரியும்.

நொய்யல்வாசி:

60-ல எழுதிப் போட்டாச்சுங்க, திக்கல் போயிருச்சு. ஃப்ளாஷ் டைட்டிலை அஞ்சு நொடிக்கு நீட்டியாச்சு. துணிக்கு ஆள் சென்னிமலை போறாங்க. ஒண்ணே ஒண்ணு விட்டுப் போச்சு: நடுவுல இடைவேளை விடறதா இருந்தா எங்க நிறுத்தறது?

உப்பிலிபாளையம்_ரீல்:

27 நிமிசத்துக்கு இடைவேளை வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்காக விட்டே ஆகணும்னா, முதல் ரீல் முடியற இடத்துல நிறுத்துங்க. ஒத்தை மெசின் வெச்சிருந்த கொட்டகையில அங்கதான் விளக்குப் போட்டு ரீல் மாத்துவாங்க. 20-ல ஓட்டறீங்கன்னா 13 நிமிசத்தை ஒட்டி வரும், சில பிரதியில 'முதல் பாகம் முடிந்தது'ன்னு அட்டையே இருக்கும். விளக்கை ரெண்டு நிமிசத்துக்கு மேல போட்டு வைக்காதீங்க, தண்ணி குடிக்கப் போன பிள்ளைகளை மறுபடி உக்கார வைக்கறதுக்கே பத்து நிமிசம் ஆயிரும்.